தட்டு மறையும் ஆழம்

ஜனவரி 8, புதன்

புது நோட்டு. முதல் பக்கத்தில் பெயர் எழுதும் பழக்கத்தை நான் விடவில்லை. ஃப்ளோரன்ஸ் மச்சாது, ஓய்வுபெற்ற தொலைபேசி நிலைய மேற்பார்வையாளர், புன்னைத்துறை. வயது கேட்கப்படவில்லை, எழுதவுமில்லை.

ஹாஜரா இன்று தட்டைக் கொடுத்துவிட்டுப் போனாள். ஹாஜரா காயல்பட்டினத்துப் பெண், கடலாராய்ச்சி படிக்கிறாள். தட்டு என்பது சோறு போடும் தட்டு அளவில் ஓர் இரும்பு வட்டம். நான்கு கால் பாகங்களாகப் பிரித்து, வெள்ளையும் கறுப்பும் மாற்றி மாற்றிப் பூசியிருக்கிறது. நடுவில் கயிறு. கயிற்றில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சு. நண்பகலில் அதை ஆற்றுக்குள் இறக்க வேண்டும். எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறதோ அதைக் குறிக்க வேண்டும். மேலே தூக்கும்போது எங்கே மறுபடி தெரிகிறதோ அதையும் குறித்து, இரண்டுக்கும் சராசரி எடுக்க வேண்டும். அறுபது நாள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் என் கணவர் பெனடிக்ட் உயிரோடு இருந்தபோது கட்டிய படகுத்துறை கிழக்குக் கரைக்கான இடம். எதிரே, மீன் இறக்கும் கரையில், இன்னாசி என்பவன் மேற்குக்கு.

காரணத்தையும் சொன்னாள். மழைக்காலத்தில் ஆறு வயல் உரத்தையும் ஊர்ச் சாக்கடையையும் வாரிக்கொண்டு முகத்துவாரத்துக்கு வருகிறது. தையில் சேறு அடங்கி வெயில் உள்ளே இறங்கியதும், கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகள் அந்தச் சத்தைத் தின்று கோடிக்கணக்கில் பெருகும். தண்ணீர் கலங்கும், நிறம் மாறும். தட்டு மறையும் ஆழத்தைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு வரைதான் அவற்றுக்குப் போதுமான வெளிச்சம் கிடைக்குமாம். அதற்குக் கீழே ஒளிச்சேர்க்கை நடக்காது, அதாவது அடுப்பு எரியாது. ஒரு தட்டையும் கயிற்றையும் வைத்து ஆற்றின் சமையலறை எவ்வளவு உயரம் என்று கண்டுபிடிக்கலாம் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

செய்து காட்டினாள். 110 என்றாள். எனக்கு 75-லேயே தட்டு போய்விட்டது. இளம் வயதில் எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்லத் தோன்றும்.

ஜனவரி 9, வியாழன்

72. நீரோட்டம் வற்று, அதாவது கடல் இறங்குமுகம். நிறம் பழுப்பு.

கயிற்றைத் தையல் நாடாவால் அளந்து பார்த்தேன். நான்காவது முடிச்சு ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. ஹாஜராவுக்குத் தொலைபேசியில் தெரிவித்தேன். அப்படியா அம்மா என்றாள். அப்படித்தான் என்றேன்.

ஜனவரி 12, ஞாயிறு

70. திருப்பலிக்குப் பிறகு எட்வின் கோயம்புத்தூரிலிருந்து பேசினான். என் ஒரே மகன். கிறிஸ்துமஸுக்கு வந்தபோது கோயில் பக்கவாட்டுப் படியில் நான் தடுக்கி விழுந்ததை இன்னும் மறக்கவில்லை. அந்தப் படியின் விளிம்புக்கு வெள்ளைச் சாயம் பூசச் சொல்லிப் பங்குச் சபைக்கு இரண்டு முறை எழுதியிருக்கிறேன். குற்றம் படியினுடையது.

அவன் பேச்சு ஒன்றே ஒன்றுதான். கண்ணைக் காட்டு, இல்லையென்றால் ஈஸ்டருக்கு வரும்போது உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறேன். கண் ஆஸ்பத்திரி எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்குத் தெரியாதா? முதலில் சொட்டு மருந்து. பிறகு ஆபரேஷன். பிறகு ஒரு மாதம் எங்களோடு இருக்கட்டும் என்பார்கள். பிறகு வீட்டுச் சாவி தரகரிடம் இருக்கும். எதிர்த் தெரு ஸ்டெல்லா அப்படிப் போனவள்தான். இப்போது பன்னிரண்டாம் மாடியில் உட்கார்ந்து லிஃப்ட் சத்தம் கேட்கிறாள்.

அவனிடம் வாக்குவாதம் செய்யவில்லை. அறுபது நாள், தினமும் என் கண்ணால் பார்த்து எடுத்த அளவு, ஒரு பெண் ஆராய்ச்சிக்கு ஏற்றுக்கொண்ட அளவு, இந்த மேசையில் இருக்கும். ஈஸ்டருக்கு வரட்டும். பார்த்துக்கொள்ளட்டும்.

ஜனவரி 15, புதன்

71. ராஜாமணி வெளுத்துக் கொண்டுவந்த படுக்கை விரிப்பு மறுபடி மஞ்சள். சோப்பை மாற்றச் சொன்னேன். போன மாதமும் மாற்றினேன், எக்ஸ்சேஞ்சம்மா என்றாள். ஊரில் என்னை அப்படித்தான் அழைப்பார்கள். சர்க்கரை டப்பாவையும் உப்பு டப்பாவையும் ஒரே அளவில் செய்கிறவர்களைச் சந்தித்தால் சில வார்த்தைகள் சொல்ல வேண்டியிருக்கிறது. காலைக் காப்பி வீண்.

ஜனவரி 18, சனி

68. ஹாஜரா முதல் பத்து நாள் தாளை வாங்க வந்தாள். இன்னாசியும் தன் தாளோடு தோணியில் வந்திருந்தான். அறுபத்தைந்து வயதிருக்கும். முழங்கால் போனபின் கடலுக்குப் போவதை விட்டுவிட்டு, வலை பின்னிக்கொண்டு மேற்குக் கரையில் உட்கார்ந்திருக்கிறான். எந்நேரமும் வெற்றிலை.

என் தாள்: 75, 72, 70, 71, 70, 69, 70, 71, 69, 70. அவன் தாள்: 110, 112, 115, 113, 115, 118, இப்படி. நிறம் என்ற இடத்தில் நான் பழுப்பு என்று எழுதியிருக்க, அவன் எல்லா நாளும் ‘தெளிவு’ என்று எழுதியிருக்கிறான். இருநூறு மீட்டர் அகலமுள்ள ஒரே ஆறு.

ஹாஜரா இரண்டு தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். உன் பக்கத்தில் எப்படித் தண்ணீர் இவ்வளவு தெளிவு என்று நான் இன்னாசியைக் கேட்டேன். அவன் என் துறையின் விளிம்பில் குனிந்து தண்ணீரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

“தண்ணி இன்னும் பூக்கல, எக்ஸ்சேஞ்சம்மா. வேற எதோ பூத்திருக்கு.”

பாசி பெருகித் தண்ணீர் நிறம் மாறுவதைத் தண்ணீர் பூப்பது என்பார்கள் இவர்கள். மற்றதை அவன் எதற்குச் சொன்னான் என்று தெரியவில்லை. அதில் மரியாதை இல்லை என்பது மட்டும் தெரிந்தது. உள்ளே போய்விட்டேன்.

ஜனவரி 21, செவ்வாய்

70. பன்னிரண்டு மணிக்கு எதிர்க்கரையை நன்றாகப் பார்த்தேன். யாரும் இல்லை.

ஜனவரி 22, புதன்

69. இன்றும் பார்த்தேன். கரை காலி.

ஜனவரி 23, வியாழன்

69. மூன்றாவது நாளாக அங்கே யாரும் இல்லை. மனிதன் கரைக்கே வராமல் மரத்தடியில் உட்கார்ந்து எண்களை எழுதுகிறான். 115, 118, 113. நேரில் பார்க்காதவன்தான் இப்படி பாக்குச் சீவல் போல அள்ளிப் போட முடியும்.

கான்வென்டில் எங்களுக்குக் கணக்கு எடுத்த மதர் பெர்னதெத் இரண்டு விஷயத்துக்கு மட்டும் விரலில் அடிப்பார்கள். பார்க்காததை எழுதினால் ஓர் அடி. எழுதியதை அழித்தால் இரண்டு. தவறு செய்தால் அதன்மேல் ஒற்றைக் கோடு போடு, தவறு என்னவென்று எல்லாரும் படிக்கட்டும், பக்கத்தில் சரியானதை எழுது என்பார்கள். அந்த ஒழுங்கில் வளர்ந்தவள் சும்மா இருக்க முடியாது. ஹாஜராவுக்குக் கடிதம் எழுதினேன். ஒரு பக்கம். ‘மேற்குக் கரை நோக்குநர் குறித்த நேரத்தில் குறித்த இடத்தில் இருப்பதில்லை என்பதை மூன்று நாள் நேரில் கண்டேன்.’

ஜனவரி 29, புதன்

67. பதினொன்றரைக்கு ஒரு தோணி வந்து துறையில் இடித்தது. இடித்த விதத்திலேயே இன்னாசி என்று தெரிந்தது. முப்பத்தெட்டு வருடம் சுவிட்ச் போர்டில் இருந்தவளுக்குக் காது போதும். கடைத்தெருவில் யார் எதிரே வந்தாலும் அவர்கள் வாய் திறக்கும் வரை நான் பேசுவதில்லை. திறந்ததும் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். என் ஞாபகசக்தியை எல்லாரும் மெச்சுவார்கள்.

தோணியை விட்டு இறங்காமல் தன் தட்டைக் கயிற்றோடு துறைச் சுவரில் வைத்தான்.

“ஹாஜரா புள்ள கேட்டுச்சு, நேரத்துக்கு நிக்கியாண்ணு. யாரு சொன்னாண்ணு அது சொல்லல. எனக்குக் கேக்கவும் வேண்டாம். பொய்க்காரன் தொட்ட கயிறு, நீங்களே வச்சிக்கிடுங்க.”

தோணியைத் தள்ளிவிட்டான். கோபத்தில் கத்தியிருந்தால் பதில் வைத்திருந்தேன். துடுப்பு போடும் சத்தம் நடு ஆறு வரை கேட்டது.

அவன் தட்டின் கயிறு சுத்தமாகச் சுற்றி முடிச்சுப் போடப்பட்டிருந்தது. சோம்பேறிகள் பொதுவாக அப்படிச் சுற்றுவதில்லை. இதை எழுத வேண்டியதில்லை, ஆனால் எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

66. மெழுகுவர்த்தித் திருநாள். பவனியில் எல்லார் கையிலும் திரி. ஒவ்வொரு சுடரைச் சுற்றியும் ஒரு வளையம், படத்தில் புனிதர்களின் தலைக்குப் பின்னால் போடுவார்களே, அப்படி. வானவில் நிறத்தில். இத்தனை வருடத்தில் இவ்வளவு அழகாக ஒரு பவனியை நான் பார்த்ததில்லை. பக்கத்தில் நின்ற உபதேசியாரின் மனைவியிடம் சொன்னேன். அவளுக்கு அழகுணர்ச்சி கிடையாது.

பாட்டுப் புத்தகத்தின் புதிய பதிப்பில் எழுத்தைச் சிறியதாக்கிவிட்டார்கள். மனப்பாடம் என்பதால் பாதகமில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

64. ஹாஜரா உற்சாகமாக வந்தாள். ஒரே ஆற்றில் கிழக்கில் மட்டும் நீர் இப்படி மங்குகிறதென்றால் இந்தக் கரையில் ஏதோ சத்து ஊறி வருகிறது, பாசி இங்கே மட்டும் முன்கூட்டியே பெருகத் தொடங்கியிருக்கிறது என்கிறாள். இறால் பண்ணை வாய்க்காலாக இருக்கலாமாம். மாதக் கடைசியில் ஒரு கருத்தரங்கில் இதைப் படிக்கப் போகிறாள். என் பெயரும் அதில் வருமாம். மச்சாது என்பதற்கு எழுத்துக் கூட்டிச் சொன்னேன்.

இரண்டு கரையிலும் பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனாள். பச்சையத்தை அளந்தால் உறுதியாகிவிடும்.

எட்வினிடம் சொன்னேன். கருத்தரங்கா என்றான். ஆமாம், உன் அம்மாவின் கண்ணைக் கொண்டு ஒரு கருத்தரங்கு என்றேன். சற்று நேரம் பேசவில்லை. இந்த மாதத்தில் எனக்குக் கிடைத்த மிக நல்ல மௌனம் அது.

பிப்ரவரி 13, வியாழன்

62. பாட்டில் முடிவு வந்துவிட்டது. இரண்டு கரையிலும் பச்சையம் ஒரே அளவு. அதுவும் குறைவு. பாசி இன்னும் பெருகவில்லை. ஹாஜரா தொலைபேசியில் மிக மெதுவாகப் பேசினாள். தட்டில் பெயின்ட் மங்கியிருக்குமோ அம்மா என்று கேட்டாள். அந்த ‘அம்மா’வுக்கு முன்னால் அரை வினாடி நின்றாள். முப்பத்தெட்டு வருடம் நான் அந்த அரை வினாடிகளைக் கேட்டுச் சம்பளம் வாங்கியவள்.

நாளை தட்டைச் சோதிக்கிறேன். எந்தப் பழுதாக இருந்தாலும் கண்டுபிடிக்கலாம்.

பிப்ரவரி 14, வெள்ளி

கயிற்றை மீண்டும் அளந்தேன். சரி. தட்டைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். 62. இன்னாசியின் தட்டை அதே இடத்தில் இறக்கினேன். 62. ஆக, தட்டு இல்லை. துறையின் நிழல் பக்கம், வெயில் பக்கம், இரண்டிலும் பார்த்தேன். 62, 61. இடமும் இல்லை.

அப்போது ஒரு பூச்சி வலது கண்ணில் பட்டது. அதைக் கையால் பொத்திக்கொண்டே கயிற்றை இறக்கினேன். தட்டு 38-இல் மறைந்தது.

கையை மாற்றி இடது கண்ணைப் பொத்தினேன். 63.

மூன்று முறை செய்தேன். 38, 63. 39, 62. 38, 63. ஒரே தட்டு, ஒரே கயிறு, ஒரே நிமிடம். ஆறு ஒன்றுதான்.

பிப்ரவரி 15, சனி

மழை இல்லை.

பிப்ரவரி 17, திங்கள்

நேற்று எட்வினின் அழைப்பை எடுக்கவில்லை.

‘வேற எதோ பூத்திருக்கு.’ என் அம்மாவின் கடைசிக் காலத்தில், கண்ணில் பூ விழுந்திருக்கிறது என்றுதான் வீட்டில் சொன்னார்கள். அந்தப் பூவை நான் மறந்தேன். இன்னாசி மறக்கவில்லை.

இது யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. இரண்டு கரைக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய ஐம்பது. அதைத் தினமும் கூட்டி எழுதினால் தட்டில் பெயின்ட் மங்கியிருந்தது, கழுவினேன், சரியாகிவிட்டது என்று ஹாஜரா நம்புவாள். ஈஸ்டருக்கு மேசையில் அறுபது நாள் தாள் இருக்கும். வீடு இருக்கும்.

62 வந்தது. 112 என்று எழுதினேன். அழகாகவே எழுதினேன்.

மாலையில் ரப்பர் எடுத்து அழித்தேன். இரண்டு விரல் முட்டியும் தன்னால் வலித்தது. அழித்த இடத்தில் காகிதம் மெலிந்துவிட்டது. ஒன்றும் எழுதவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

விடியும்போது எழுப்பியது ஒரு சத்தம். மழைத்துளி தண்ணீரில் விழுவது போல, ஆனால் கீழேயிருந்து மேலே. ப்ளப், ப்ளப், ப்ளப். ஒன்று, பத்து, பிறகு எண்ண முடியாதபடி. திருவிழாவன்று போர்டில் எல்லா லைனும் ஒரே நேரத்தில் அடித்தால் எப்படியோ அப்படி. துறைக்குப் போய் நின்றேன். மடவை மீன்கள். ஆயிரக்கணக்கில் மேலே வந்து வாய் திறந்து காற்றுக்குத் திணறுகின்றன. எனக்கு மீன் தெரியவில்லை. வாய்கள்தான் காதில் கேட்டன.

ஹாஜரா இதைச் சொல்லியிருக்கிறாள். பெருகிய பாசி பகலெல்லாம் வெயிலில் பிராணவாயுவை விடும். வெயில் போனதும் தானும் அதையே மூச்சிழுக்கும். விடிவதற்குள் மீனுக்கு மிச்சம் இருக்காது. வெயில் ஏறினால் சரியாகும். தண்ணீர் பூத்துவிட்டது. அவள் ஒரு வருடமாகக் காத்திருந்த வாரம் இதுதான்.

நண்பகலில் தட்டை இறக்கினேன். 31. இந்த 31-இல் தண்ணீர் எவ்வளவு, நான் எவ்வளவு? பிரிக்க எனக்கு வழியில்லை. பிரிக்கத் தெரிந்த ஒரே மனிதரை நான்தான் ஒரு பக்கக் கடிதம் எழுதி வீட்டுக்கு அனுப்பினேன். ஆறு பூக்கும் வாரத்தில் கண் பூத்த ஒருத்தி மட்டும் கரையில் காவல்.

அவர் தட்டை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு ஆளேற்றும் தோணியில் ஏறினேன். மேற்குக் கரைக்குப் போய் ஆறு வருடம் இருக்கும்.

இன்னாசி வலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். ஊசி நூல் போகும் சத்தம் நின்றது.

“இது உங்க தட்டு. எடுத்துக்கோங்க,” என்றேன்.

“என்ன, திடீர்னு ‘நீங்க’ங்கீய? காய்ச்சலா?”

நான் சொல்ல வந்ததை வரிசையாகத் தயாரித்து வைத்திருந்தேன். வரிசை தோணியிலேயே நின்றுவிட்டது.

“உங்களைப் பற்றி எழுதினது நான்தான். மூணு நாள் பார்த்தேன், கரையில் ஆளைக் காணோம்னு எழுதினேன். ஆள் இருந்திருக்கு. எனக்குத் தெரியலை.”

“இருந்தேன்லா. கையக்கூட ஆட்டுனேன். மூணு நாளும் ஆட்டுனேன். நேரா என்னயப் பாத்துட்டே நிக்கீய, பதிலுக்கு ஆட்டல. அன்னைக்கே புரிஞ்சுபோச்சு.”

“அப்பவே சொல்ல வேண்டியதுதானே?”

“அதுக்கு முன்னயே சொன்னம்லா, வேற எதோ பூத்திருக்குண்ணு. மொகத்தத் திருப்பிக்கிட்டு உள்ள போயிட்டீய. இனி நான் ஒங்க வீட்டுக் கதவத் தட்டி, ஒங்களுக்குக் கண்ணு தெரியலண்ணு சொல்லணுமாக்கும்? எனக்கு உசிரு மேல ஆச இருக்கு.”

பக்கத்தில் மீன் காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். கொஞ்சம்.

எழுந்து, முழங்காலைத் திட்டிக்கொண்டே தட்டை இறக்கினார். நான் வலைப்பெட்டி மேல் உட்கார்ந்து எழுதினேன். 46. போன மாதம் 115. நிறம் என்ன என்று கேட்டேன்.

“பச்ச. நல்ல பச்ச. கொத்தமல்லிய அரச்சுக் கரச்சு விட்டாப்பல.”

‘பச்சை’ என்று எழுதினேன். என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, கொத்தமல்லியையும் எழுதச் சொன்னார். எழுதினேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

மேற்கு 42. கிழக்கு 40. இரண்டையும் இன்னாசியே எடுத்தார். பதினொன்றே முக்காலுக்கு அந்தக் கரை, பன்னிரண்டேகாலுக்கு இந்தக் கரை. நான் நேரம் பார்த்தேன், எழுதினேன், குறை சொன்னேன்.

ஹாஜராவுக்குப் பேசி எல்லாவற்றையும் சொன்னேன். கருத்தரங்குக் கட்டுரை போய்விட்டது என்றாள். பிறகு, அதைவிடப் பெரியது வந்திருக்கிறதே அம்மா, பாட்டில்களோடு நாளைக் காலை வருகிறேன் என்றாள். அந்த ‘அம்மா’வுக்கு முன்னால் இடைவெளி இல்லை.

பிறகு எட்வின். திங்கட்கிழமை தூத்துக்குடியில் ஆபரேஷன், நானே பேசி நாள் வாங்கிவிட்டேன், நீ நான்கு நாள் லீவு போட்டு வா என்றேன். பெரிய பெட்டி கொண்டு வராதே, இங்கிருந்து எடுத்துப்போக ஒன்றும் இல்லை என்றும் சொன்னேன். அதைப் பிறகு பேசலாம்மா என்றான். என் குரலிலேயே என்னிடம் பேசுகிறான்.

பிப்ரவரி 25, செவ்வாய்

இடது கண். கட்டைப் பிரித்தார்கள். முதலில் தெரிந்தது நர்ஸின் உடுப்பு. வெள்ளை. எப்படிப்பட்ட வெள்ளை என்று எழுதப் பார்த்தேன், இரண்டு வரி அடித்துவிட்டேன். இவ்வளவு வெள்ளை உலகத்தில் இருந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. ராஜாமணியிடம் சோப்பைப் பற்றிப் பேச வேண்டும். இந்த முறை வேறு விதமாக.

மதியம் வீடு. எட்வின் கையைப் பிடித்துக்கொண்டு துறை வரை போனேன். குனியக்கூடாது, நிமிர்ந்து பார்க்கத் தடையில்லை.

பச்சை. கரை முதல் கரை வரை. வெயில் பட்ட இடங்களில் நுரைபோல் சிறு சிறு குமிழ்கள் மேலே வந்து உடைந்துகொண்டிருந்தன. அந்தக் கோடிக் கோடிப் பாசிகள் உச்சி வெயிலில் சமைத்து மூச்சு விடுகின்றன. இத்தனை நாள் இந்த ஆற்றுக்கு நான் பழுப்பு என்று பெயர் எழுதினேன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றிப் பார்த்தேன். எட்வின் மாட்டி மாட்டி விட்டான்.

எதிர்க்கரையில் ஒருவர் கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன்.

மார்ச் 5, சாம்பல் புதன்

ஒரு சந்தி நோன்பு. கஞ்சி. நெற்றியில் சாம்பல்.

பாசி மடிந்துகொண்டிருக்கிறது. மூன்று நாளாக ஆற்றில் அழுகிய முட்டைக்கோஸ் வாடை. சத்து தீர்ந்துவிட்டது என்கிறாள் ஹாஜரா. இன்னாசி எடுத்த அளவு: 71.

மேசையில் என் தாள்களை விரித்தேன். ஜனவரி 8 முதல் பிப்ரவரி 20 வரை கிழக்குக் கரையின் எல்லா எண்களின்மீதும் சிவப்பு மையால் ஒற்றைக் கோடு. ஒன்றையும் அழிக்கவில்லை. 75 தெரியும், 62 தெரியும், 31 தெரியும். பழுப்பு என்பதும் தெரியும். பிப்ரவரி 17-க்கு எதிரே மட்டும், ‘இங்கு ஒரு பொய் எழுதி அழிக்கப்பட்டது’ என்று குறித்தேன். கீழே எழுதினேன்: ‘மேற்கண்டவை ஆற்றின் அளவுகள் அல்ல. நோக்குநரின் கண் அளவுகள். மேற்குக் கரை நோக்குநர் திரு. இன்னாசி ஜனவரி 28 வரை தினமும் குறித்த நேரத்தில் குறித்த இடத்தில் இருந்தார்.’ கையெழுத்து, தேதி.

இன்னாசியிடம் படித்துக் காட்டினேன். ‘திரு’வை மட்டும் இரண்டாம் தடவை படிக்கச் சொன்னார்.

எட்வின் படித்தான். அவன் லீவு நான்கு நாளிலிருந்து பதினான்கு ஆகியிருக்கிறது. அம்மா, இவ்வளவு மோசமாக இருந்திருக்கிறது, நீ தனியாக இருந்திருக்கிறாய் என்றான். ஈஸ்டருக்காக நான் தயாரித்த சாட்சி அவனுக்குச் சாட்சி சொல்லிவிட்டது. ஞாயிறு மாலை ரயிலுக்கு இரண்டு டிக்கெட் எடுத்திருப்பதாகச் சொன்னான்.

ஞாயிறு நண்பகல் துறைக்கு வா என்று மட்டும் சொன்னேன்.

மார்ச் 9, ஞாயிறு

பன்னிரண்டு மணி. கடல் ஏற்றம். வானம் சுத்தம். நான் நாற்காலியில், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு. கயிறு இன்னாசியின் கையில். எட்வின் என் பக்கத்தில். விதியைச் சொன்னேன். யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. தட்டு மறைந்ததும் முடிச்சை எண்ணி ஆளுக்கொரு துண்டுத் தாளில் எழுதி மடிக்க வேண்டும். பார்வைக்குச் சாட்சியாக ஹாஜரா, அவளும் எழுதலாம்.

தட்டு இறங்கியது. கறுப்பும் வெள்ளையுமாக இருந்தது, பிறகு பச்சையும் இளம்பச்சையுமாக, பிறகு தண்ணீருக்குள் ஒரு நிலா மாதிரி, பிறகு அதன் நினைவு. எழுதினேன்.

ஹாஜரா தாள்களைப் பிரித்தாள். ஹாஜரா 118. இன்னாசி 120. ஃப்ளோரன்ஸ் மச்சாது, ஒற்றைக் கண்ணில், 119.

எட்வின் 90.

இன்னாசி கயிற்றை மிகவும் கவனமாகச் சுற்றத் தொடங்கினார். வெயில் கண்ணில் அடித்தது என்றான் எட்வின். நாம் நிழல் பக்கத்தில் நிற்கிறோம் என்றேன். தட்டில் ஏதோ கோளாறு என்றான், கழுவியிருக்கிறது என்றேன். கயிறு என்று தொடங்கினான். நாடாவை எடுத்து நீட்டினேன்.

“இந்தா பாரு, மக்கா,” என்றார் இன்னாசி, “ஒங்க அம்மாவும் இதே மூணத்தான் சொன்னாவ.”

எட்வின் முதலில் சிரிக்கவில்லை. பிறகு சிரித்தான். பெனடிக்ட் தோற்கும்போது சிரிக்கும் சிரிப்பு. ஒரு டிக்கெட்டை ரத்து செய்தான். வலது கண்ணுக்கு ஏப்ரலில் வருகிறேன் என்றான். வா என்றேன். அதற்குள் கோயம்புத்தூரில் ஒரு நல்ல கண் டாக்டரைப் பார்த்து, சீட்டையும் கொண்டு வரச் சொன்னேன். கொண்டு வராவிட்டால் உன்னை என்னோடு வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்றேன்.

கிழக்குக் கரை: 119. ஏற்றம். நிறம்: தெளிவு.